பெட்டி எழுந்ததும் அப்பா சொன்னது

அன்பு மகள் பூமாரிக்கு, காந்தலூரிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் ஏதோ பொழுது ஓடுகிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நல்லபடியாக இருக்க வேண்டும் என்று முருகனைக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை, பூண்டு பாதி அழுகிவிட்டது. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த அன்றைக்குத்தான் அப்பாவின் பெட்டி நின்றுபோனது, அது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீடு என்ன பாடுபட்டது என்பதை நான் போனில் சொல்லவில்லை. வாதம் வந்து பேச்சுப் போன பிறகு, நீ டிவியில் மாட்டிக்கொடுத்த அந்த உள்ளங்கை அகலப் பெட்டிதானே அவருக்கு வாய். இடது கையால் பொத்தானை அமுக்கி எழுத்தெழுத்தாகக் கூட்டினால் அது வாசித்துச் சொல்லும். அது நின்றதும் கட்டிலைத் தட்ட ஆரம்பித்தார். தண்ணியா, தலையணையா, முதுகு அரிக்குதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன், எதற்கும் தலையாட்ட மாட்டார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "எனக்கென்ன சோசியமா தெரியும்?" என்று கத்திவிட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றைக்கு இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

கெட்டுப்போன பழைய கார்டுக்குப் பதிலாக, நீ சொன்னபடி மறையூரில் புது மெமரி கார்டு வாங்கினேன். ரிசார்ட் ரிசப்ஷனில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு ஜோமோள் லாப்டாப்பைக் கொண்டுவந்து, நீ அனுப்பியதை அதில் ஏற்றினாள். கார்டில் இருப்பது பெட்டியை எழுப்பிவிடுகிற யூஇஎஃப்ஐ மட்டும்தான், அப்பாவின் பேச்சை ஓட்டுகிற லினக்ஸ் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது, அதைத் தொட்டுவிட வேண்டாம் என்று நீ சொன்னதை அவளிடம் அப்படியே ஒப்பித்தேன். மாட்டிப் பார்த்தால் டிவி கறுப்பாகவே இருந்தது. எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டாள் என்று நீதான் போனில் கண்டுபிடித்துச் சொன்னாய். வெளியே எடுத்து வைத்ததும் படம் வந்தது, ஆனால் ஷெல் என்று மஞ்சள் எழுத்தில் காட்டி அப்படியே நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து உன் லைனும் அறுந்தது. நான் பயந்துபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜோமோள்தான், "பேடிக்க வேணாம் சேச்சி, எங்க இருந்து எழும்பணும்னு அதுக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்று சொல்லி, அணைத்துப் போட்டு கீபோர்டில் எஸ்கேப்பை அமுக்கி, பூட் மேனேஜரில் பென் டிரைவைக் காட்டிக்கொடுத்தாள். எழுத்துகள் மளமளவென்று ஓடின. இனி எப்போதும் அதிலிருந்தே எழும்பும்படி வரிசையை மாற்றிச் சேமித்தும் வைத்திருக்கிறாள்.

அப்பா இத்தனையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பொத்தானைக் கையில் கொடுத்தபோது முதல் வேலையாக என்னைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் கூட்டினார். பெட்டி வாசித்தது: "பிள்ளைய வரச் சொல்லாத. அவ வேல போயிரும்." நான் அவருக்குக் கஞ்சி ஆற்றப் போய்விட்டேன்.

அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் உனக்குச் சொல்லிவிட்டேன், நான் சொல்வது வேறு. எனக்கு முடியவில்லை பூமாரி. பெட்டி பேசுவது சந்தோஷம்தான், ஆனால் அவரைத் திருப்பிப் படுக்கவைக்க இன்னொரு ஆள் வேண்டும், என் இடுப்பு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. லீவு கிடைத்தால் ஒரு மாதம் வந்து இரு. கிடைக்காவிட்டால் கிடைக்கவில்லை என்று நேராகச் சொல்லிவிடு, தாங்கிக்கொள்வேன். பார்க்கலாம்மா என்று மட்டும் சொல்லாதே.

காலுக்கு உறை போடாமல் வெளியே போகாதே. ஜோமோளுக்கு நீயே ஒரு வார்த்தை பேசு. உனக்கு ஒரு குறையும் வராமல் அந்த முருகன் காக்கட்டும். இந்தப் பேச்சையெல்லாம் வீடியோ காலில் எடுத்துவிடாதே, அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

உன் வரவையோ பதிலையோ எதிர்பார்க்கும்,
அம்மா முருகேஸ்வரி