கோஃபியின் படம் என்னிடம் இல்லை

இஞ்சருங்கோ,

உயிரோடு இருக்கும்போது உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். கடிதத்திலும் வேறு எதுவும் வாயில் வரவில்லை.

நோர்பரி வீட்டில் எல்லோரும் சுகம். மூத்தவள் வேலைக்குப் போகிறாள். நீங்கள் படம் கழுவிய குளியலறைக்குப் புது டைல்ஸ் போட்டாயிற்று. "உந்தச் சிவப்பு லைட்டை நிப்பாட்டுங்கோ, இந்த வீட்டில மனிசர் குளிக்கிறேல்லையே?" என்று எத்தனை நாள் கத்தியிருப்பேன். இப்போது யாரும் எந்நேரமும் குளிக்கலாம். எனக்குத்தான் அதற்குள் போகவே பிடிப்பதில்லை.

கோஃபி செத்துப்போனார். போன கிழமை. உங்களைப் போலவே நெஞ்சுவலி.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகவும் சொல்கிறேன். கோஃபி கானாக்காரர். கிழமை நாட்களில் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பார். ஞாயிறு பின்னேரங்களில் லண்டன் பெக்கமில் ஒரு சேர்ச் மண்டபத்தில் கிட்டார் வாசிப்பார். அவரும் கூட்டாளிகளும் தாங்களே பாட்டுப் பதிந்து, பெயரை மட்டும் அச்சடித்த கசெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு விற்றவர்கள். எந்தக் கொம்பனியும் அவர்களைத் தேடி வரவில்லை. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்த கையோடு, கழுத்தில் கமராவைத் தொங்கவிட்டுத் தேடிப் போனவர் நீங்கள் ஒருவர்தான்.

"எங்கட சனத்தின்ர கலியாணம், சாமத்தியவீடு எல்லாம் கிடக்க உங்களுக்கு ஏன் உந்த வேலை?" என்று பொரிவேன்.

"அதுகளை எடுக்க ஆக்கள் இருக்கினம். இவையளை நான் எடுக்காட்டி, இப்பிடி மனிசர் லண்டனில இருந்தவையெண்டே ஒருத்தருக்கும் தெரியாமப் போயிடும்" என்பீர்கள்.

ஒன்பது வருடம் எடுத்தீர்கள். பிஸ்கட் டின்கள் நிறைய நெகட்டிவ். ஒவ்வொரு உறையிலும் உங்கள் கோணல் எழுத்தில், தமிழில், பெயரும் ஊரும் வாத்தியமும். அவர்கள் ஒரு பிரதி கேட்டால், புத்தகமாகப் போட்டுத் தருகிறேன், பொறுங்கள் என்று விடுவீர்கள். ஒரு படத்தையாவது கொடுத்திருக்கக் கூடாதா? அதற்காக உங்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை இமிகிரேஷன்காரர் இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். கோஃபியைத் தெரியுமா என்று கேட்டார்கள். அவருக்கும் கூட்டாளிகள் பலருக்கும் அப்போது விசா இல்லை. தெரியாது என்றேன். திரும்பவும் வருவோம் என்று மரியாதையாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊரில் ஆமி சுற்றிவளைக்கிறது என்றால் அம்மா முதலில் என்ன செய்வா என்று உங்களுக்குத் தெரியும். தம்பியின் பள்ளிக்கூடப் படங்களை அடுப்பில் வைப்பா. இயக்கத்தில் சேர்ந்தவனுக்குப் பக்கத்தில் படத்தில் நின்றதற்கே பொடியன்களைப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. ஒருவரைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்த வழியும் அது ஒன்றுதான். டின்கள் எல்லாவற்றையும் பின்வளவுக்குக் கொண்டுபோய், இரும்பு வாளியில் கொட்டிக் கொளுத்தினேன். கழுவிய படங்களையும் விடவில்லை. அந்த மனிதர்களைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

வந்தவர்கள் திரும்பி வரவேயில்லை. அடுத்த வருடம் கோஃபிக்கு விசாவும் கிடைத்தது. உங்கள் தமிழ் எழுத்தை அந்த வெள்ளைக்காரர்கள் எப்படி வாசித்திருப்பார்கள்? கிட்டார் வாசிக்கிற மனிதனின் படத்தை வைத்து என்ன செய்திருப்பார்கள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எரித்ததைப் பிள்ளைகளுக்குக்கூட நான் சொல்லவில்லை.

நேற்று கோஃபியின் மனைவி அபெனா வந்தாள். செத்தவீட்டு வாசலில் இறந்தவரின் பெரிய படம் வைப்பது அவர்களுடைய வழக்கமாம். அவளிடம் இருப்பது பாஸ்போர்ட் படம் மட்டும்தான்.

"அதில் பிடிபட்ட கள்ளனைப்போல முழிக்கிறார், சிஸ்டர். கிட்டாரோடு ஒன்று வேண்டும். 'நாங்கள் எல்லோரும் அந்த மனிதரின் டின்னுக்குள் பத்திரமாக இருக்கிறோம்' என்று எப்போதும் சொல்வார்" என்றாள், அழுதழுது வீங்கின முகத்தில் ஒரு சிரிப்போடு.

தேடிப் பார்க்கிறேன் என்றேன். என் வாய் அப்படித்தான் சொன்னது.

தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவள் சுவரில் மாலை போட்டிருந்த உங்கள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இது என்னுடைய கோஃபி எடுத்தது" என்றாள்.

ஓம், அவர் எடுத்ததுதான். ஊரையெல்லாம் எடுத்த உங்களுக்கென்று இருந்த நல்ல படம் அது ஒன்றுதான், உங்கள் கமராவைப் பறித்து அவர் எடுத்தது. அதற்குத்தான் நான் தினமும் பூ வைக்கிறேன். அவருக்குப் பூ வைக்க நீங்கள் எடுத்தது ஒன்றுகூட இல்லை. உங்களுடைய ஒன்பது வருடத்தை அரை மணித்தியாலத்தில் சாம்பலாக்கினேன். நீங்கள் இருந்தால் ஏசியாவது இருப்பீர்கள். இப்போது என்னை யார் ஏசுவது?

சனிக்கிழமை செத்தவீடு. நாளைக்கு அபெனாவிடம் போகிறேன். தேடினேன், கிடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன். எரித்தது நான் என்று சொல்வேன், இது சத்தியம். அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும். அந்த டின்னுக்குள் ஒருவரும் பத்திரமாக இல்லை என்பதை அவள் என் வாயால்தான் கேட்க வேண்டும்.

உங்கட மனிசி