விடுகிற மூச்சு

7-1-59, புதன். திண்டிவனம்.

எட்டு மணி வரை பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்குச் சுவாச மண்டலம். கரும்பலகையில் படம் போட்டு அலுத்துவிட்டது. இந்த வருஷம் அசலையே காட்டுவது என்று கறிக்கடை காசிம் பாயிடம் ஆட்டு நுரையீரல் சொல்லி வைத்திருந்தேன். நான் போய் நின்றதும் அவருக்குச் சிரிப்பு. "கறி துன்னாத நயினாரு, இத்த வாங்கிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?" ஊதிப் பார்க்கப் போகிறேன் என்றேன். "நானும் இருவது வருசமா அறுக்கறேன், ஒருநாளும் ஊதிப் பாத்ததில்ல. ஜல்தி எடுத்துக்கினு போங்க, உங்க ஆளுங்க யார்னா பாத்துரப் போறாங்க."

பப்பாளிக் காம்பை மூச்சுக்குழாயில் சொருகி ஊதினேன். சுருங்கிக் கிடந்தது வெளிர்சிவப்பாக எழும்பியது. வாயை எடுத்ததும் தானே அடங்கியது. யாரும் அமுக்கவில்லை. பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள், நானும்தான். மூச்சை விடுவதற்குச் சிரமமே வேண்டாம், தானாகப் போகும். என் மகள் பத்மாவுக்கு மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?

குளித்துவிட்டு வீட்டுக்குள் வந்தேன். எங்களுடையது சமணக் குடும்பம்; மனைவி சாந்தாவிடம் சொல்லவில்லை.

8-1-59, வியாழன்.

பனி. விழுப்புரம் டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து குறிப்பு.

பத்மா, வயது ஒன்பது. ஐப்பசியிலிருந்து இழுப்பு. வாரத்தில் மூன்று நான்கு நாள், விடிகிற நேரத்தில். என்ன தின்றாள், எங்கே விளையாடினாள், எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். எழுந்து வரும்போது, "எதுக்கும் எடம் மாத்திப் பாருங்க" என்றார். விழுப்புரத்தில் என் அக்கா இருக்கிறாள், குழந்தையில்லாதவள். அங்கே இழுப்பு நின்றால் ஜூனில் பத்மாவை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட வேண்டியதுதான். அன்றிலிருந்து சாந்தா சரியாகச் சாப்பிடுவதில்லை. எங்களுக்கு இருப்பது ஒன்று.

இன்று காலை: இழுப்பு உண்டு.
நேற்றுத் தின்றது: இட்லி, கீரை, மோர், பாதி வாழைப்பழம்.
விளையாட்டு: பாண்டி, வாசலில்.

கவனித்தது: உள்ளே இழுக்க நான் ஒன்று எண்ணுகிறேன், வெளியே விட மூன்று. விசில் சத்தமும் விடும்போதுதான். இழுப்பு என்று பெயர் வைத்தவர்கள் சரியாகப் பார்க்கவில்லை. கஷ்டம் விடுவதில்தான்.

10-1-59, சனி.

மூச்சை அளக்கப் பாட்டில் தயார். பெரிய பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பக்கெட் தண்ணீரில் கவிழ்த்து, ரப்பர் குழாய். ஒரே மூச்சில் ஊதினால் காற்று மேலே ஏறித் தண்ணீரைத் தள்ளும். வெளியே காகிதத்தில் கோடுகள். நான் பதினாறு. சாந்தா பதினொன்று (வெட்கப்பட்டுப் பாதியில் விட்டாள்). பத்மா நான்கு. "அப்பா, இன்னொருவாட்டி" என்று ஆறு தரம் ஊதினாள். ஆறு தரமும் நான்குதான்.

நெஞ்சு கேட்க ஒன்று: புனல், அதில் ரப்பர் குழாய், மறுமுனை என் காதில். பத்மாவின் முதுகில் வைத்தால் உள்ளே பூனைக்குட்டி கத்துகிறது.

வாழைப்பழம் நிறுத்தம்.

13-1-59, செவ்வாய். போகி.

ஊரே புகை. பத்மாவுக்கு மோசம். உட்கார்ந்தபடியே விடிந்தது. பாட்டிலில் இரண்டு கோடு.

பக்கத்து வீட்டு முதலியாரம்மா நெருப்பு மூட்டிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா சாந்தா, அந்தப் பழைய தலாணியப் போடேன், மூட்டப்பூச்சி மொச்சுக்கினு கீது." சாந்தா தலையணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மேல்சித்தாமூரிலிருந்து கல்யாணத்தோடு வந்த இலவம்பஞ்சு. பன்னிரண்டு வருஷம். இப்போது பத்மாவின் தலைக்கு. வெயிலில் போட மாட்டாள், தட்டவும் மாட்டாள். "அதுங்களும் உசுருதானே. வெயில்ல போட்டா செத்துப்பூடும்." இந்த விஷயத்தில் நான் அவளோடு வாதாடுவதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான் வளர்த்தார்கள்.

நுரையீரல் விஷயம் எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது. "நீங்க அத்த வாயில வெச்சு ஊதினீங்களாமே. அதான் புள்ளைக்கு இப்படி." ஐப்பசியில் ஆரம்பித்ததற்கு மார்கழியில் ஊதியது எப்படிக் காரணம் என்றேன். எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான்.

17-1-59, சனி. விழுப்புரம்.

பாசஞ்சரில் வந்தோம். பத்மாவை அக்கா வீட்டில் விட்டேன். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாவாடை, மாத்திரை. வீட்டுக்குப் பின்னால் ரயில் தண்டவாளம், துணி காயப்போட்டால் கரி. இங்கே குழந்தைக்கு எப்படி நல்லதாகும்? எனக்கு நம்பிக்கை இல்லை. சாந்தா ஸ்டேஷனுக்கு வரவில்லை.

21-1-59, புதன். திண்டிவனம்.

அக்காவின் கார்டு. நான்கு நாளாக இழுப்பே இல்லை. "ஊஞ்சலில் ஆடுகிறாள். ஜூன் வரை எதற்கு, இங்கேயே இருக்கட்டும்."

சாந்தா இரண்டு தரம் படித்தாள். "நல்லாதானே இருக்குது புள்ள" என்றாள். பிறகு அடுப்படியில் வெகுநேரம். ரயில் கரிப்புகையில் பத்மா நன்றாக இருக்கிறாள், நல்ல காற்றுள்ள திண்டிவனத்தில் மூச்சு விட முடியவில்லை. புத்தகத்தில் இதற்குப் பதில் கிடைக்கவில்லை.

22-1-59, வியாழன்.

மேகம். முதலியார் விழுப்புரம் கோர்ட்டுக்குப் போனார். சாந்தா அவரிடம் அப்பளம், எள்ளுருண்டை, பத்மாவின் தலையணை எல்லாம் கொடுத்தனுப்பினாள். "அது இல்லாம அவளுக்குத் தூக்கம் வராதுங்க."

25-1-59, ஞாயிறு. விழுப்புரம்.

வாசலிலேயே சத்தம் கேட்டது. அதே விசில். அக்காவுக்கு முகமே இல்லை. "ரெண்டு நாளா இப்படித்தான்டா தம்பி. ஐஸ் குடுக்கல, ஒன்னும் குடுக்கல. என்னாத்த தப்பு பண்ணேன்னே தெரியல."

மாறியது என்ன? உட்கார்ந்து பட்டியல் போட்டேன். சாப்பாடு மாறவில்லை, புகை மாறவில்லை. அப்பளம், எள்ளுருண்டை. இரண்டையும் ஊரில் தின்று ஒன்றும் ஆனதில்லை.

படுக்கையைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து வெயில் கீற்று விழும் இடத்தில் தலையணையைப் பிடித்து ஒரு தட்டு. கீற்று முழுக்கத் தூசி. அறைக்கு அந்தப் பக்கம் நின்ற பத்மாவுக்கு மூன்று தும்மல். பட்டியலில் தலையணையையும் எழுதினேன்.

26-1-59, திங்கள்.

பள்ளிக் கொடியேற்றத்துக்குப் போகவில்லை, லீவும் சொல்லவில்லை. தலையணையைத் துண்டில் சுற்றிக்கொண்டு திண்டிவனம் வந்தேன். பத்மா அங்கேயே, தலைக்கு மடித்த சேலை.

சாந்தாவிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு, "நானே புள்ளைக்கு இழுப்ப மூட்ட கட்டி அனுப்பினனா?" என்றாள். இல்லை, எனக்கும் தெரியாதே என்றேன். அது அவள் காதில் விழவில்லை.

பிரிக்கலாம் என்று பிளேடை எடுத்தேன். "இருங்க" என்றாள். கொல்லையில் வெள்ளை வேட்டியை விரித்து, நான் சொன்னபடி மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தையலை அவளே பிரித்தாள். ஒவ்வொரு பூச்சியையும் வெற்றிலையில் ஏற்றிக் கொண்டுபோய் வேலியோரம் விட்டாள். பகல் முழுக்க. பொழுது சாயுமுன் சாப்பிட்டாக வேண்டும் என்று கூப்பிட்டேன், வரவில்லை. "தெரிஞ்சத எல்லாம் எடுத்துட்டேங்க. கண்ணுக்குத் தெரியாதது எத்தினி இருக்குதோ" என்றாள். அப்புறம் பஞ்சைக் குழியில் போட்டு, மண்ணையும் அவளே தள்ளினாள். இன்று இருவரும் பட்டினி.

30-1-59, வெள்ளி.

கார்டு. செவ்வாயிலிருந்து இழுப்பு இல்லை. ஆனால் விழுப்புரத்தில் இல்லாதது பெரிதல்ல. இங்கே வந்தால்?

வீட்டைக் கழுவினோம். பாய்களை வெயிலில் போட்டது சாந்தாதான். போடுமுன் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

31-1-59, சனி.

பத்மா வந்துவிட்டாள். அக்கா பஸ் புறப்படும் வரை அவள் கையை விடவில்லை. பாட்டிலில் ஏழு கோடு.

1-2-59, ஞாயிறு.

பனி. இழுப்பு இல்லை. ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது.

2-2-59, திங்கள்.

கடும் பனி. மாத்திரை கொடுக்கவில்லை. விடிந்ததும் எழுப்பாமல் புனலை முதுகில் வைத்தேன். சாந்தா விளக்கோடு நின்றாள்.

"என்னாங்க கேக்குது?"

"ஒன்னும் கேக்கல."

குழாயைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது, அது லேபாரட்டரிச் சாமான் என்று சொல்லியும் தரவில்லை.