வேல்விழியின் சூளைக்கு வந்த கொரியாக்காரர்

செவ்வாய், 8.8.2006

இனி நம் பீங்கான் பொம்மை வேண்டாம் என்று கடைக்கார லத்தீப் சொல்லிவிட்டார். என் மகள் வேல்விழி பட்டறை தொடங்கிய நாளிலிருந்து எடுத்தவர். இப்போது கடை முழுக்கச் சீனப் பொம்மை, விலை பாதி. ஆர்டர் இல்லாவிட்டால் தீபாவளியோடு சூளையை மூடவேண்டியதுதான் என்கிறாள். எனக்குக் கோபம். அவர் கடை வழியாக வராமல் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தேன். கோபத்தைக் காட்டும் முறை இதுவா?

வெள்ளி, 11.8.2006

லத்தீப் தாமே வந்தார். டீ கொடுக்கக்கூடாது என்றிருந்தேன். இரண்டு முறை கொடுத்தேன். துபாயில் இருக்கும் அவர் மகன் அசீம், அங்கே பழகிய கொரியாக்காரர் ஒருவரிடம் நம் ஊர்ப் பீங்கானைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். புதன்கிழமை வருகிறாராம்.

"என் பொழப்பு சீனாக்காரன் கையில, உங்க பொண்ணு பொழப்பு கொரியாக்காரன் கையில. யாரு மேல கோவப்படுறதுங்க வாத்தியாரே?"



வேல்விழி என்னையே பேசச் சொல்கிறாள். நான் இங்கிலீஷ் இலக்கணம் நடத்தியவன், பேசியவன் இல்லையே.

செவ்வாய், 15.8.2006

'வெல்கம்' முதலிலா, 'ஹவ் டு யூ டு' முதலிலா? வாக்கியங்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன்.

புதன், 16.8.2006

பார்க் என்று பெயர். பொம்மைகளைப் பார்த்தார், குனிந்து வணங்கினார், நகர்ந்துவிட்டார். வேல்விழி முகம் விழுந்துவிட்டது. எனக்கோ எழுதிவைத்த ஒரு வாக்கியமும் நினைவில் இல்லை. காகிதத்தை எடுக்கலாமா— அப்போதுதான் கண்டேன். மனிதர் ஓரக்கண்ணால் தம் உள்ளங்கையைப் படிக்கிறார்! பேனாவில் எழுதிய இங்கிலீஷ், வேர்வையில் கலைந்து. பரீட்சையில் இதற்காக எத்தனை பையன்களை வெளியே அனுப்பியிருப்பேன்!

என் காகிதத்தை எடுத்துக் காட்டினேன். விழித்தார், பிறகு அப்படியொரு சிரிப்பு. சூளைப் பெண்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அதன் பிறகு தப்பும் தவறுமாக நிறையப் பேசினோம்.

கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த, மின்கம்பத்தில் கம்பி கட்டும் பீங்கான் குமிழைக் கையில் எடுத்தார். அவருக்கு ஊரில் டீக்கடைகள். குளிர்காலத்தில் வருகிறவர்கள் கோட்டு மாட்டச் சுவரில் பதிக்க இதுதான் வேண்டுமாம். "இதையாப்பா கேக்குறாரு?" என்று வேல்விழி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

வியாழன், 17.8.2006

லத்தீப் கடை வழியாகவே போனேன்.

சனி, 9.12.2006

இரண்டாவது குமிழ் ஆர்டர் சூளையில் இருக்கிறது. பொம்மைக்குக் கண் எழுதும் வாசுகிக்கு மட்டும் குறை. "எல்லாம் மொழுக்குன்னு இருக்குதுங்க ஐயா. கை நமநமங்குது." நியாயம்தானே?

மாலையில் பார்க் போன் செய்தார். வேல்விழி கையைத் துடைப்பதற்குள் நானே எடுத்துவிட்டேன். குமிழுக்குக் கண் வரைந்து அனுப்பலாமா என்று கேட்டேன். அதே சிரிப்பு, பிறகு 'யெஸ்'. சட்டைப்பையில் காகிதம் எதுவும் இல்லை.

வாசுகி தூரிகை கழுவிக்கொண்டிருக்கிறாள்.