கால்வாய்க்குத் திருப்பிக் கொடுத்த மூன்று அடி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் மட்டும் அதன் இஷ்டப்படி இருக்கிறது. நீயும் மருமகளும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிட வேண்டும். நகராட்சிக்காரர்கள் வந்து நம் வீட்டுப் பின்சுவரை இடித்துத் தள்ளினார்கள் என்றும், அதைப் பார்த்து நான் மயங்கி விழுந்தேன் என்றும் உன் சித்தி உனக்குப் போனில் சொல்லியிருக்கிறாள். இரண்டும் தவறு. சுவரை இடித்தது நான். மயங்கி விழுந்தது உன் சித்தி. அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு நான் திரும்பவும் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நம் தெருவின் பதினான்கு வீடுகளுக்கும் பின்னால் ஓடும் மழைநீர்க் கால்வாயும், அக்கரையில் தாழ்வாகக் கிடக்கும் கீழ்த் தெருவும் உனக்கு நினைவிருக்கும். எனக்கு ரவிக்கை தைக்கும் பெண் அங்கேதான் குடியிருக்கிறாள். போன வருடம் ரவிக்கையை வாங்கிவரப் போனபோது, அவளுடைய தையல் மெஷின் கட்டிலின் மேல் நின்றுகொண்டிருந்தது. சுவரில் என் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. கேட்டதற்கு, "மழைக்காலத்துல மெஷின் கட்டில்ல தூங்கும், நாங்க நின்னுக்கிட்டே தூங்குவோம் பெரியம்மா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கு நம் கவுன்சிலர் கண்டுபிடித்த வைத்தியம், கீழ்த் தெரு ரோட்டை இரண்டடி உயர்த்திக் கான்கிரீட் போடுவது. எதைக் கேட்டாலும் "ஆகட்டும்மா, ஆகட்டும்" என்பதால் ஊரில் அவருக்குப் பெயரே ஆகட்டும். ரோடு உயர்ந்தால் அதன் இரு பக்கமும் உள்ள வீடுகள் கிணறாகிவிடும் என்பது உட்கார்ந்து யோசித்தால் யாருக்கும் தெரியும். அங்கே யாரும் உட்காரவில்லை.

நான் நகராட்சி அலுவலகத்துக்கு மனு எழுதி, நம் பகுதியின் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகலைக் கேட்டேன். முதல் முறை பாதி வரைபடம் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்தேன். இரண்டாம் முறை முழுதாக இருந்தது, முத்திரை இல்லை, அதையும் திருப்பினேன். மூன்றாம் முறை நான் படியேறும்போதே உள்ளேயிருந்து ஒரு குரல், "அந்தம்மா வர்றாங்க, ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வைடா" என்றது. வரைபடத்தில் கால்வாயின் அகலம் பன்னிரண்டு அடி. நம் பின்கதவைத் திறந்து பார்த்தால் அவ்வளவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வார்டு கூட்டத்தில் எழுந்து, ரோட்டை உயர்த்துவதற்கு முன்னால் கால்வாயை அளக்க வேண்டும் என்று கேட்டேன். "அளக்கலாம்மா. ஆனா கால்வாய்னா ரெண்டு கரையையும் அளக்கணுமே, உங்க கரையையும் சேத்து. ஆகட்டுமா?" என்றார் கவுன்சிலர். கூட்டம் சிரித்தது. என் வீட்டிலிருந்தே தொடங்குங்கள், அது வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த உன் அப்பா முன்னால் நின்று கட்டிய சுவர், ஓர் அங்குலம் தவறியிருந்தாலும் நானே இடித்துவிடுகிறேன் என்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அடுத்த வாரம் சர்வேயர் வந்தார். பாலத்தடியில் உள்ள எல்லைக்கல்லிலிருந்து அளந்துகொண்டே வந்தார். வரைபடத்தின்படி இரண்டாவது எல்லைக்கல் நம் வீட்டு மூலையில், சுவருக்கு வெளியே இருக்க வேண்டும். வெளியே எந்தக் கல்லும் இல்லை. டேப் சுவரைத் தாண்டி உள்ளே வந்தது. மூன்று அடி உள்ளே, நான் இத்தனை வருடமும் நின்று துணி துவைத்த கல்லின்மேல் வந்து நின்றது. நாலு பேர் சேர்ந்து துவைக்கும் கல்லைப் புரட்டினார்கள். அடியில் எல்லைக்கல் இருந்தது.

கவுன்சிலர்கூட ஆகட்டும் என்று சொல்லவில்லை.

நம் வீட்டோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இந்தத் தெருவில் முதலில் வீடு கட்டியது நாம்தான் அல்லவா? பின்னால் கட்ட வந்தவர்கள் யாரும் எல்லைக்கல்லைத் தேடவில்லை. நம் சுவரின் மூலையில் கயிற்றைக் கட்டி, அதே நேர்கோட்டில் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பக்கத்து வீட்டு பேங்க் மேனேஜர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "சார் போட்ட கோடுன்னா அதுக்கு மேல யார்மா அளப்பா? அவரை நம்பித்தானே கட்டினோம்?" பதினான்கு வீடும் மூன்று மூன்று அடி தள்ளி நிற்கின்றன. கால்வாய் ஒன்பது அடியாகிவிட்டது. அந்த மூன்று அடித் தண்ணீர்தான் தையற்காரியின் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

சுவர்களைப் பின்னுக்குத் தள்ளிக் கட்டச் சொல்லி நகராட்சியிலிருந்து வந்த நோட்டீஸ் முப்பது நாள் கெடு கொடுத்தது. தெருவே கூடி, கோர்ட்டில் தடை வாங்கலாம் என்று ஒரு மனு தயாரித்து, முதல் கையெழுத்துக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தெருவில் என்னோடு பேச்சு வார்த்தை நின்றது. மேனேஜர் வீட்டு அம்மாள் என்னைக் கண்டால் வாசற்கதவைச் சாத்தினாள். சாத்தட்டும். கதவு அவளுடையது.

கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஓரம் அடிக்கும்போது ஒரு தையல் கோணினாலும் அதற்கு மேல் தைக்க விடமாட்டார். கோணிய இடம் வரைக்கும் பிரிக்கச் சொல்வார். அழுதுகொண்டே பிரித்திருக்கிறேன். இந்த வயதில் அழாமல் பிரித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

பத்தாம் நாள் கொத்தனாரை வரவழைத்தேன். "ஐயா கட்டுன செவுரும்மா, கை வரல" என்று கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். ஐயா இருந்திருந்தால் உங்களுக்கு முன்னால் அவரே எடுத்திருப்பார் என்று சொல்லிவிட்டு, குடையும் நாற்காலியுமாகப் பின்னால் போய் உட்கார்ந்தேன். மூன்று நாள். ஒரு செங்கல்லும் கால்வாயில் விழவில்லை. பழைய சாந்தைச் சுரண்டி அடுக்கிவைத்து, சரியான கோட்டில் புதுச் சுவருக்கு அதையே பயன்படுத்தினோம். என் செம்பருத்தி வரிசை போய்விட்டது. இரண்டு செடிகளைத் தொட்டியில் வைத்திருக்கிறேன், ஒன்று துளிர்த்திருக்கிறது.

அதற்கடுத்த வார்டு கூட்டத்தில் மைக்கைக் கேட்டு வாங்கிப் பேசினேன். பதினான்கு வீட்டுத் தவறும் என் வீட்டில் தொடங்கியது. என் கணவர் தெரியாமல் செய்த பிழை அது. அதை நான் சரிசெய்துவிட்டேன். மற்றவர்கள் தங்கள் மனசாட்சிப்படி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. மறுநாள் காலை மேனேஜர் வீட்டிலிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. இன்றைக்குப் பதினோரு வீடுகள் முடிந்துவிட்டன. மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் கொத்தனார் கிடைக்கவில்லை என்கிறார்கள். அது உண்மைதான், அவர் இந்தத் தெருவிலேயேதான் வேலையாக இருக்கிறார். நகராட்சி கால்வாயைத் தூர்வாரிவிட்டது. ரோட்டை உயர்த்தும் திட்டம் கைவிடப்பட்டதாகத் தீர்மானம் எழுதியாகிவிட்டது. அதன் நகலும் வாங்கிவிட்டேன், முத்திரையோடு.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல மழை. விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு கீழ்த் தெருவுக்குப் போனேன். ரோட்டில் கணுக்கால் தண்ணீர், அதுவும் ஓடிக்கொண்டிருந்தது. தையற்காரி மெஷினைத் தரையில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "கட்டில் இப்ப காலியாத்தான் இருக்கு பெரியம்மா, உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். எனக்கு இந்த வயதில் இதைவிட என்ன மரியாதை வேண்டும், சொல்.

இனி நீ மட்டும் படிக்க வேண்டிய விஷயம்.

எல்லைக்கல்லின் தலையில் ஒரு குறி வெட்டியிருப்பார்களாம். பாலத்தடிக் கல்லில் இருக்கிறது. நம் கல்லில் இல்லை. தலை வழவழவென்று மட்டமாக இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே சர்வேயர், "தேஞ்சிருக்கும்மா, பழைய கல்லு" என்றார். நல்ல மனிதர். அவர் அதை அவ்வளவு அவசரமாகச் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது.

அந்தத் துவைக்கும் கல்லை அங்கே உருட்டிக்கொண்டு போய்ப் போட்டது நீயும் அப்பாவும்தான். நீ கல்லூரியில் சேர்ந்த வருடம். எனக்கு அன்று காய்ச்சல், உள்ளே படுத்திருந்தேன். கல்லைப் போடும்போது அடியில் வெறும் மண்தான் இருந்ததா, அல்லது எல்லைக்கல் அப்போதே கண்ணில் பட்டதா? பட்டிருந்தால் அப்பா என்ன சொன்னார்?

வீடு கட்டிய நாளில், பின்கட்டில் துணி உலர்த்த இடம் போதாது என்று அவரைத் தினமும் நச்சரித்தது நான். அதையும் நீ மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல். உண்மை எதுவாக இருந்தாலும், அவரோடு நான் வாழ்ந்த நாற்பத்தொரு வருடத்தில் ஓர் அங்குலமும் குறையாது. ஆனால் தெரியாமல் செய்த பிழை என்று மைக்கில் சொன்னவள் நான். அது சரியில்லை என்றால் மைக்கிலேயே திருத்த வேண்டும். அடுத்த கூட்டம் வரும் மாதம் முதல் சனிக்கிழமை.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். குழந்தைக்கு என் முத்தங்கள்.

போன் செய்யாதே. போனில் நீ என்னைச் சமாதானப்படுத்துவாய். ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா