அக்கா கொடுத்த கிட்னி

பாரிவாக்கம் வீட்டில் கணவன் ஷெர்வின் தூங்கிக்கொண்டிருக்க, வேலைக்குக் கிளம்பிய ஜாஸ்லின் சீட்டு எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்.

"ரசம் அடுப்பு மேல. கேட் சாவி ஆணியில. உங்கக்கா மத்தியானம் வராங்க. தண்ணி குடிச்சியான்னு அவங்க போன்ல கேட்டாதான் குடிக்கிறீங்க, நான் சொன்னா காதுல ஏறல. நேத்து ஒன்னுக்கு கடும் மஞ்சளா போச்சுன்னீங்க. தண்ணி பத்தலன்னா கிட்னி இருக்கறத இழுத்து வச்சுக்கும், கூடினா வெளிய விட்டுடும்னு டாக்டர் சொன்னாரே. அவங்களுது உங்களுக்குப் பொருந்திச்சு, என்னுது பொருந்தல. சரி."

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். நீல பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"உள்ள இருக்கறது அவங்க கிட்னி. உள்ள போற தண்ணியாவது நான் ஊத்தினதா இருக்கட்டும். அவங்க வர்றதுக்குள்ள குடிச்சிடுங்க."