அஸ்கியின் ஃபோமில் நான் எழுதிய பதில்

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி
புதன்கிழமை

அன்புள்ள மகன் ஜவுபருக்கு உம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம், அந்த வெயிலுக்குள் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தம்பியும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், கை ஓடவில்லை மகன். அஸ்கி எனக்கு முன்னால் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கிறான். போனில் சொன்னால் நான் அழுவேன், அவனுக்குக் கேட்கும், அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு றிபாவின் மாப்பிள்ளை இன்று பின்னேரம் டோகாவுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

கொழும்பிலுள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து அஸ்கியின் உதைபந்தாட்டத்தைப் பார்க்க ஆள் வருகிறது, பிடித்துவிட்டால் மூன்று வருடப் படிப்பும் இலவசம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. செபரட்ணம் சேர் என்பவர்தான் வந்தார். இரண்டு நாள் மைதானத்தில் இருந்து அவன் ஓட்டத்துக்கு நேரம் பிடித்தார், இடது காலால் பந்து அடிக்க வைத்தார், ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதினார். நானும் வாழ்நாளில் முதல் தடவையாக வேலிக்கு வெளியே நின்று அவன் விளையாடுவதைப் பார்த்தேன். வலதுபக்கக் கோட்டோடு ஓடினான் பாருங்கள், பந்து எங்கே விழும் என்று பந்துக்கு முதல் அவனுக்குத் தெரிகிறது. மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்போது இவன் அந்த இடத்தில் நிற்கிறான். எனக்கு ஒன்றும் விளங்காது, ஆனாலும் அழுகை வந்துவிட்டது.

பிறகுதான் பெற்றோர் நிரப்பிக் கையெழுத்து வைக்கும் ஃபோமைத் தந்தார்கள். தலையில் எப்போதாவது அடிபட்டதா என்று அதில் ஒரு கேள்வி. போன மாதம் மருதமுனை மெட்ச்சில் அவன் இன்னொரு பிள்ளையின் தலையோடு மோதி விழுந்து, அன்று முழுக்கச் சத்தி, வாந்தி என்று கிடந்ததும், என்ன நாள் என்று தெரியாமல் இருந்ததும் உங்களுக்குச் சொன்னேன்தானே. நீங்கள் போனில், "அத எழுதாதீங்க உம்மா, எழுதினா எடுக்கமாட்டாங்க" என்றீர்கள். அவனும் கெஞ்சினான். நான் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை மகன், எழுதியது என் கை.

அடுத்த நாள் காலையில் தேத்தண்ணிக் கோப்பை அவனுடைய இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்ததே அவனுக்குத் தெரியவில்லை. கேட்டால் "ஒண்டுமில்ல உம்மா" என்கிறான். உங்கள் வாப்பாவும் சைக்கிளில் இருந்து விழுந்து எழும்பி வந்து ஒண்டுமில்ல என்றுதானே சொன்னார், அடுத்த நாள் மையித்தாகத்தானே கொண்டுவந்தார்கள். ஓட்டோ பிடித்துப் போய், செபரட்ணம் சேர் தங்கியிருந்த இடத்தில் அவர் வாகனம் ஏறப்போகும் நேரம் பிடித்து, நான் பொய் எழுதிவிட்டேன் என்று சொன்னேன். அவர் திறந்த வாகனக் கதவைச் சாத்தினார். பிறகு, "அம்மா, இப்பிடி ஓடுற பிள்ளைய நான் இந்த வருஷம் எங்கயும் காணல்ல. ஆனா இனி அவனக் கூட்டிட்டுப் போக என்னால ஏலாது, இண்டைக்கே ஸ்கேன் எடுங்க" என்றார். அவருடைய கண்ணும் கலங்கியது.

வீட்டுக்கு வந்து அஸ்கியிடம் சொன்னேன். "என்ட வாழ்க்கைய நீங்கதான் முடிச்சிட்டீங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டான். ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்றான், இரண்டு நாள் என் கையால் ஒரு வாய் சோறு வாங்கவில்லை. மூன்றாம் நாள் குளிக்கப் போனவன் விழுந்துவிட்டான். அங்கிருந்துதான் இங்கே கொண்டுவந்தோம். மூளைக்கு மேல் இரத்தம் கட்டியிருக்கிறதாம், சனிக்கிழமை தலையில் துளை போட்டு எடுக்கப் போகிறார்களாம். இதோடு மைதானத்தில் இன்னொரு அடி பட்டிருந்தால் மையித்தைத்தான் தூக்கியிருப்பீர்கள் என்று டொக்டர் சொன்னார். இனி விளையாட்டு இல்லை என்றும் சொல்லிவிட்டார். அதை அவன் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான்.

நாலு நாளாக என்னோடு கதைக்காதவன் இன்று காலை சுவரைப் பார்த்தபடியே, "அண்டைக்கு நான் நல்லா விளையாடினனா உம்மா" என்று கேட்டான். "ஓம் மகன், ஒன்னப்போல ஒருத்தரும் ஓடல்ல" என்றேன். "ஒங்களுக்கு ஃபுட்போல் விளங்காதே" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

ஜவுபர், நீங்கள் விளையாடின ஆள், உங்கள் சொல்லை அவன் நம்புவான். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் எடுங்கள். அடுத்த வருடம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுடைய ஓட்டத்தைப் பற்றிச் செபரட்ணம் சேர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தேன், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறான். சனிக்கிழமை லுஹர் தொழுகைக்குப் பிறகு இரண்டு ரக்அத் தொழுது தம்பிக்காகக் கையேந்துங்கள். நீண்ட ஹயாத்தையும் ஆரோக்கியத்தையும் அல்லாஹ் உங்கள் இரண்டு பேருக்கும் தரட்டும். வேலைத்தளத்தில் தலைக்கவசம் போடாமல் ஏறாதீர்கள், உம்மாவுக்கு இனித் தாங்க ஏலாது.

இப்படிக்கு,
உங்கள் உம்மா
உம்மு ஹபீபா