மஞ்சள் டி-ஷர்ட்டுக்குப் பின்னால்

தவக்காலச் சனிக்கிழமை, இரவு

பங்குக் கோயில் ஆட்கள் இன்று சாந்தோமிலிருந்து சின்னமலைக்குச் சைக்கிளில் திருயாத்திரை போனோம், எல்லாரும் மஞ்சள் டி-ஷர்ட்டில். என் வீட்டுக்காரர்தான் தலைவர், எல்லாருக்கும் முன்னால் போனார். கடைசியாக வந்த நான் அடையாறு சிக்னலில் மாட்டிக்கொண்டேன். பச்சை விழுந்ததும், தூரத்தில் தெரிந்த மஞ்சள் டி-ஷர்ட்டுகளை எங்கள் ஆட்கள் என்று நினைத்துத் துரத்தினேன். கொட்டிவாக்கத்தில் ஒரு டிபன் கடையில் நிறுத்தினார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை.

"புதுசாக்கா? நாங்க பொங்கலுக்குத்தான் சைக்கிள் ஓட்டறோம், உக்காருங்க" என்றாள் ஒரு பெண். இன்று ஒருசந்தி, ஒருவேளைச் சாப்பாடுதான் என்று சொல்ல வாய் வரவில்லை. பொங்கலோடு வடையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் சொன்னார்: "மலைப்படியில நல்லாவே ஏறின. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

இப்போது குறட்டை விடுகிறார். அடுத்த சனிக்கிழமையும் வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.